விடுபடுதல்: பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு சொல்லின் இரு பொருள்

தமிழில் 'விடுபடு' என்னும் வினை ஒன்றோடொன்று முரணும் இரு நிலைகளைக் குறிக்கிறது. கடனிலிருந்து ஒருவர் விடுபட்டார் என்றால் அவர் தோளிலிருந்த சுமை இறங்கிற்று என்று பொருள். பட்டியலில் ஒருவர் பெயர் விடுபட்டது என்றால் அவருக்கு வரவேண்டியது வராமற் போயிற்று என்று பொருள். சட்டக் கடமையிலிருந்து விடுவிப்பு என்பதையும் நிவாரணம் என்பதையும் ஆராய்வோர் பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்களின் வரலாற்றைப் பார்ப்பவர் இரண்டாம் பொருளையும் உடன்வைத்தே எண்ண வேண்டியிருக்கிறது. ஒரு கடமையிலிருந்து நீங்கியவர் அந்தக் கடமையைப் பதிந்துவைத்த கணக்கிலிருந்தும் நீங்கிவிடுகிறார் என்பதும், கணக்கில் இல்லாதவர் வீட்டு வாசலுக்கு நிவாரணம் வருவதில்லை என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 'நிவாரணம்' என்பது தடுத்தல், விலக்குதல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. இன்றைய வழக்கில் அது பேரிடருக்குப் பின் அரசு தரும் பணத்தையும் பொருளையும் குறிக்கிறது. வழக்கு மன்றத்தில் வாதி கேட்பதற்குப் 'பரிகாரம்' என்று பெயர். பொதுவாக எல்லோரையும் கட்டும் விதி ஒன்று ஒருவரை மட்டும் கட்டாமல் விடுமானால் அது 'விலக்கு'. ஏற்கெனவே கட்டிய விதியின் கட்டு அவிழுமானால் அது 'விடுவிப்பு'. நிலவரியைக் குறைத்தோ முழுதும் நீக்கியோ விடுவதை வருவாய்த் துறையின் பழைய கணக்குகள் 'வஜா' என்றன. இவற்றுக்கு நடுவே 'தள்ளுபடி' என்ற சொல் தனித்து நின்று சிந்திக்க வைக்கிறது: கடன் தள்ளுபடி என்றால் கேட்டது கிடைத்தது, மனு தள்ளுபடி என்றால் கேட்டது மறுக்கப்பட்டது. ஒரே சொல் அருளுக்கும் மறுப்புக்கும் வழங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். ஒரு தாள் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் தாள் கடன் பத்திரமா, கோரிக்கையா என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

'கடன்' என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டுவது. சோழர், விசயநகரர் காலத்துக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது அரசுக்குச் செலுத்தும் வரியின் பெயராகவே வருகிறது. ஆகவே பழைய பொருளில் கடமையிலிருந்து விடுவித்தல் என்பது வரியை நீக்குதல். 'இறையிலி' நிலம் இவ்வாறு இறை நீங்கிய நிலம். முதற் குலோத்துங்கன் பெற்ற 'சுங்கம் தவிர்த்த' என்னும் அடைமொழியும் இந்த வகையான விடுவிப்பின் நினைவே. இறையிலி ஆன நிலம் கணக்கிலிருந்து மறைந்துவிடவில்லை என்பது இங்கே உன்னத்தக்கது. இன்ன எல்லைக்குட்பட்ட இன்ன நிலம், இன்ன கோயிலுக்கு, இன்ன ஆண்டு முதல் என்று கல்லில் வெட்டியதால், வரி நீங்கிய பின்னரும் உடைமை முன்னைவிட உறுதியாக நின்றது. கல்வெட்டு இல்லாத நீர்ப்பரப்புக்கு அந்த உறுதி வாய்க்கவில்லை.

பழவேற்காட்டு ஏரி சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகக் கருதப்படுவது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளாங்கியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்க, இந்த இரண்டின் கலப்பில் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியின் உயிரோட்டமும் அடைபடும். ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை அடுத்து நீரோட்டம் பாயும் இடங்களே இறால் பிடிப்புக்கு உகந்தவை என்பதால், அந்த இடங்களை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்பதற்கு மீனவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கே 'பாடு' எனப்படும் முறை.

பாடு என்னும் சொல்லின் பொருட்செறிவு இந்த ஆய்வுக்குப் பெரிதும் உதவுகிறது. பாடுபடுதல் என்பதில் அது உழைப்பும் துன்பமும். மீன்பாடு என்பதில் அன்றாடம் கிடைக்கும் பிடிப்பு. கடப்பாடு என்பதில் மீறலாகாத கடமை. ஏரியிலோ, முறை வைத்துப் பெறும் நீர்ப்பங்கு. உழைப்பு, பங்கு, கடமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய சமூகம் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று கொள்வதில் பிழையில்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் மூன்று ஊர்கள் தமக்குள் பாடுகளைப் பகிர்ந்துகொண்டு, சுத்துவலை கட்டும் முறையைச் சீட்டுக் குலுக்கியும் சுழற்சியாலும் தீர்மானித்துவந்ததை 1991இல் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இந்த முறைக்குச் சட்டமன்றம் இயற்றிய விதி எதுவும் அடிப்படையன்று. ஊர்க் கூட்டத்தின் சொல்லே அடிப்படை.

பாடு பெறுவதற்குத் தகுதி 'தலைக்கட்டு'. மணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டாக எண்ணப்படும்; கோயில் திருவிழா, ஊர்ப் பொதுச் செலவு, வழக்குச் செலவு ஆகியவற்றுக்குத் தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி விழும்; அந்த வரியைச் செலுத்துபவர்க்கு ஊரில் குரலும் நீரில் முறையும் உண்டு. சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்கள் பலவற்றில் கணவரை இழந்த பெண்ணிடம் இந்த வரியைக் கேட்பதில்லை. முதுமையால் கடலுக்குப் போக இயலாதவரிடமும் கேட்பதில்லை. இது இரக்கத்தில் பிறந்த வழக்கம் என்பதில் ஐயமில்லை. ஏதும் இல்லாதவரிடம் எடுப்பது முறையன்று என்று ஊர் நினைத்தது, நினைத்தபடி செய்தது. ஆனால் வரியிலிருந்து விலக்குப் பெற்ற அந்தக் கைம்பெண், அதே விலக்கினால் தலைக்கட்டு எண்ணிக்கையிலிருந்தும் விலகிப்போனார். அந்த இழப்பு அன்றாட வாழ்வில் உடனே தெரியாது; கணக்கெடுக்கும் நாள் வரும்போதுதான் தெரியும்.

அந்த நாள் 2004 டிசம்பர் 26க்குப் பின் வந்தது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஊர்களில் அரசும் தொண்டு அமைப்புகளும் நிவாரணம் வழங்க வந்தபோது, யார் யாருக்கு என்ற கேள்விக்கு ஊர்ப் பஞ்சாயத்து வைத்திருந்த தலைக்கட்டுப் பட்டியலே விரைவில் கைக்குக் கிடைத்த விடை. பட்டியல் நேர்மையாகவே தயாரிக்கப்பட்டிருந்தாலும், அது வரி செலுத்துவோரின் பட்டியலே தவிர வாழ்வோரின் பட்டியலன்று. தமிழகக் கரை நெடுகிலும் பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள் இவ்வாறு விடுபட்டதைப் பின்னர் வந்த ஆய்வுகள் எடுத்துரைத்தன. வரி கேட்காமல் விட்டதும் நிவாரணம் தராமல் விட்டதும் ஒரே பெயர் நீக்கத்தின் இரு விளைவுகள் என்பதை உணர்ந்தால், பழியை ஊரின் மேல் மட்டும் சுமத்துவது பொருந்தாது என்பது விளங்கும். படகு, வலை இழந்தவருக்கு இழப்பீடு என்று வகுத்த அரசின் கணக்கிலும், மீன் கூடையைத் தவிர வேறு கருவி இல்லாத பெண்ணின் இழப்புக்கு உரிய இடம் எளிதில் அமையவில்லை.

கடமையும் உரிமையும் ஒரே கணக்கில் வாழ்கின்றன என்பது இந்தக் கரைக்கு மட்டும் உரிய செய்தியன்று. 'நிவாரணம்' என்று இன்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல்லான 'ரிலீஃப்', இடைக்கால இங்கிலாந்தின் நிலமானிய முறையில், இறந்தவரின் வாரிசு மேலாண்டைக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தின் பெயராக இருந்தது. தந்தையின் மறைவால் கீழே விழுந்த நில உரிமையை மீண்டும் தூக்கி நிறுத்துவது என்னும் கருத்தில் அது அப்பெயர் பெற்றது. 1215இல் வெளியான மாக்னா கார்ட்டாவின் இரண்டாம் கூறு, பிரபுவின் வாரிசுக்கு 100 பவுன், வீரரின் வாரிசுக்கு அதிகம் போனால் 100 ஷில்லிங் என்று அதற்கு வரம்பு கட்டியது. கட்டணம் செலுத்தியவரின் பெயர் ஏட்டில் ஏறியது. ஏறிய பெயரை எவரும் எளிதில் அழிக்க இயலவில்லை.

பழவேற்காட்டுக்கு வடக்கே இதே கடற்கரையில் உள்ள மோட்டுப்பள்ளியில் காகத்திய அரசர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டையொட்டி வெட்டுவித்த அபய சாசனம் இதே உறவை வேறொரு முகத்தோடு காட்டுகிறது. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை அரசர்கள் பறித்துக்கொள்வது அதற்கு முன் வழக்கமாக இருந்தது. அந்தப் பறிப்பிலிருந்து வணிகரை விடுவித்த கணபதிதேவர், முப்பதில் ஒரு பங்கு சுங்கத்தை மட்டும் நிலைப்படுத்தினார். எல்லாவற்றையும் இழக்கும் அச்சத்திலிருந்து வணிகரைக் காத்தது, அளவு தெரிந்த அந்தச் சுங்கமே. பின்னர் ஒல்லாந்தர் விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்டு, 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியதும் 'கவுல்' எனப்படும் சலுகை உடன்படிக்கையின் பலத்தில்தான். வணிகருக்கு எழுத்து இருந்தது. அதே துறையில் அவர்களின் சரக்கைப் படகேற்றி இறக்கியவர்க்கு அத்தகைய எழுத்து இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சி இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலையும் அளந்து, எண்ணிட்டு, வரி விதித்து, ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்குப் பார்த்தது. மழை பொய்த்து நஞ்சை காய்ந்தால் அந்த ஆண்டுக்கு வஜா கிடைக்கும். பொன்னேரி வட்டத்து விவசாயிக்குப் பாசன ஏரி வற்றிய ஆண்டில் இந்த ஆறுதல் இருந்தது. முகத்துவாரம் அடைபட்டு இறால் வராத ஆண்டில் மீனவருக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. நிலவரி செலுத்தாத நீருக்கு எதை வஜா செய்வது என்பது வருவாய்த் துறையின் பார்வையில் கேள்வியாகவே எழாது. வரி இல்லாமை பாக்கியம் என்று தோன்றும். துன்பக் காலத்தில்தான் அது அநாதைத்தனம் என்பது தெரியவரும்.

சென்னை மாகாணத்தில் உப்புத் துறை நடத்திய மீன் உப்பிடும் முற்றங்களை இங்கே விதிவிலக்காகச் சொல்லலாம். உப்பு வரியால் நல்ல உப்பு வாங்க இயலாத கடற்கரை மக்கள் உவர்மண்ணால் மீனைப் பதப்படுத்திவந்த நிலையில், வேலியிட்ட முற்றங்களுக்குள் வரி நீக்கிய உப்பை அரசு வழங்கியது. வரியிலிருந்து கிடைத்த அந்த விடுவிப்பு வேலிக்குள் மட்டுமே செல்லும். முற்றத்துக்கு வெளியே ஒரு கைப்பிடி எடுத்துச் சென்றாலும் அது குற்றம். 1947இல் உப்பு வரியே நீங்கும் வரை இந்த ஏற்பாடு மீனவரை நன்மைக்கும் கண்காணிப்புக்கும் ஒருசேர உட்படுத்தியது.

கடன் நிவாரணச் சட்டங்கள் இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்குகின்றன. இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் அக்காலத்துக்குப் பெருந்துணிவான சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வட்டிக்கு வட்டி கட்டிவந்த குடும்பங்கள் பல இதனால் மூச்சுவிட்டன. எனினும் அச்சட்டத்தின்படி 'விவசாயி' என்பவர், வரி விதிக்கப்பட்ட வேளாண் நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை முதலிய பிற நில உரிமையோ உடையவர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கந்துவட்டிக்காரரிடம் ஒரே நாளில் ஒரே வட்டிக்கு இருவர் கடன் வாங்கியிருந்தால், அரைக்காணி புன்செய் வைத்திருந்தவர் விடுவிக்கப்பட்டிருப்பார். வலையும் கட்டுமரமும் மட்டும் வைத்திருந்தவர் கடனாளியாகவே நீடித்திருப்பார். மீனவரின் கடன் சிறியது என்றோ, அவர் துன்பம் குறைவு என்றோ சட்டம் எங்கும் சொல்லவில்லை. வரிக்கணக்கில் இருப்பவரையே அதனால் காண முடிந்தது என்பதே குறை.

1980ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடன் நிவாரணச் சட்டம் நிலத்தை அளவுகோலாகக் கொள்ளாமல் குடும்ப வருமானத்தைக் கொண்டது. ஆண்டு வருமானம் 4,800 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் கடன் தீர்ந்ததாக அறிவித்தது. இது அடிப்படையான முன்னேற்றம். ஆயினும் மீன்பிடி ஊர்களில் கடன் என்பது பணத்தோடு முடிவதில்லை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் தந்தவரிடமே பிடித்த மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதே உண்மையான கட்டு. பத்திரத்தில் எழுதிய தொகையைச் சட்டம் தள்ளுபடி செய்யலாம். அடுத்த பருவத்தில் வலை கிழிந்தால் யாரிடம் போவது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லாதபோது, மீனவர் தாமாகவே பழைய கட்டுக்குத் திரும்புவார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வாக்குறுதியைப் பெற்றவர் விரும்பினால் அதை நிறைவேற்றுவதிலிருந்து மற்றவரை விடுவிக்கலாம் என்கிறது. முன்பணம் தந்தவருக்கு அந்த விருப்பம் வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இன்றைய நிவாரணத் திட்டங்களில் கடமையும் உதவியும் வெளிப்படையாகவே பிணைக்கப்பட்டிருக்கின்றன. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் ஒன்றிய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. செலுத்தும் கடமையே பெறும் உரிமையைப் பதிவு செய்கிறது என்பதால் இந்த அமைப்பில் ஒரு நேர்மை உண்டு. தடைக்கால நிவாரணம் வேறு வகையானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளும் இழுவலைப் படகுகளும் கடலுக்குச் செல்லலாகாது என்னும் கடமைக்கு ஈடாகத் தரப்படும் தொகை 2023இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. தொழில் செய்யாதிருக்கும்படி சட்டம் கட்டளையிட்டால் அதன் இழப்பைச் சட்டமே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை அரசு இதன்மூலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவ்வாறாயின், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று பழவேற்காட்டு மீனவர்க்கு விடுக்கப்படும் அறிவிப்புக்கும் அதே கொள்கை பொருந்த வேண்டும். நாள் கணக்கில் சிறியது என்பதால் ஒரு கடமை கடமையல்லாமல் போய்விடாது.

இதுவரை சொன்னவர்கள் ஏதோ ஒரு கணக்கில் பாதியளவேனும் இடம்பெற்றவர்கள். ஏரியோரத்து இருளர் பழங்குடியினர் எந்தக் கணக்கிலும் உறுதியாக இடம்பெறாதவர்கள். அவர்களில் பலர் வலையின்றி, இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர்; பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு பெண்கள் மணிக்கணக்கில் நீரில் நகர்கின்றனர். பட்டினவர் ஊரின் தலைக்கட்டு வரி அவர்கள் மேல் விழாது. பாடும் அவர்களுக்கு இல்லை. இறால் ஏற்றுமதியால் நீர்ப்பங்கின் மதிப்பு உயர்ந்த பிறகு, பாடுரிமை உடையோருக்கும் இல்லாதோருக்கும் இடையே எழுந்த பூசல்களின் வேர், கடமை இல்லாதவருக்கு உரிமையும் இல்லை என்ற இந்தப் பழைய சமன்பாட்டில் இருக்கிறது.

ஏரி கைவிடும்போது இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய்க் கொத்தடிமையாகும் அவலம் திருவள்ளூர் மாவட்டத்தில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டிருக்கிறது. இந்திய சட்டங்களில் கடமையிலிருந்து விடுவிப்பதை முழுமையாகச் சொல்லும் சட்டம் எதுவென்று கேட்டால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டத்தையே சுட்ட வேண்டும். அதன் 4ஆம் பிரிவு கொத்தடிமை வேலை செய்யும் கட்டாயத்திலிருந்து ஒவ்வொருவரையும் விடுவிக்கிறது. 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே அழிக்கிறது. 8ஆம் பிரிவு விடுபட்டவரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. இந்த விடுவிப்புக்கு எவர் கையொப்பமும் தேவையில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த கணமே அது நிகழ்ந்துவிட்டது. நடைமுறையிலோ, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் மறுவாழ்வுத் தொகை கிடைக்கும். 2016இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் திட்டம் அந்தத் தொகையை 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. அதே திட்டம் முழுத் தொகையை வழங்குவதைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைத்தது. அடிமைப்படுத்தியவர் தண்டிக்கப்படும் வரை அடிமையாயிருந்தவர் காத்திருக்க வேண்டும் என்றால், அவர் ஒரு கட்டிலிருந்து அவிழ்க்கப்பட்டு மற்றொரு காத்திருப்பில் கட்டப்படுகிறார். அந்த இடைவெளியில் கூலியும் இல்லை, ஏரியில் பங்கும் இல்லை. பசி முன்பணத்தை மீண்டும் தேடவைப்பது இந்த இடைவெளியில்தான்.

பறவைகள் சரணாலயத்தின் கதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏரியின் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய அறிவிப்புக்குப் பின், மாவட்ட ஆட்சியர் வட்டார மொழியில் பிரகடனம் வெளியிட்டு, எல்லைக்குள் உரிமை உடையோர் இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் கோர வேண்டும் என்று அழைக்க வேண்டும். கோரியவரின் உரிமையை விசாரித்து ஏற்கவோ மறுக்கவோ தொடர அனுமதிக்கவோ செய்ய வேண்டும். அறிவிப்புக்குப் பின் அந்த எல்லைக்குள் புதிய உரிமை எதுவும் பிறக்காது. வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ வருவது மட்டும் விலக்கு.

பாடுள்ள ஊர்கள் இந்த அழைப்புக்கு ஏதேனும் விடை சொல்லக்கூடும். சீட்டுக் குலுக்கிய முறை, ஊர்க் கூட்டத்தின் தீர்மானங்கள், வரி எழுதிய நோட்டு, தந்தைக்குப் பின் மகன் தலைக்கட்டாக ஏறிய வரலாறு ஆகியவற்றை அவை முன்வைக்கலாம். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கும் பெண்ணுக்குத் தாயிடமிருந்து வந்தது, எந்த மாதத்தில் எந்தச் சேற்றில் இறால் ஒதுங்கும் என்னும் அறிவு மட்டுமே. அதை வாரிசுரிமை என்று எழுதிக்கொள்ளும் பத்தி ஆட்சியர் அலுவலகத்துப் படிவத்தில் இன்னும் அமைக்கப்படவில்லை.